தோல் உறையில் வைத்த கத்தி

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்; நீங்கள் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம். இருபது வருடத்துக்கு மேலாகத் தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பது என் பிழைப்பு. மாட்டை எப்போதோ உண்ணி கடித்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். அப்பேர்ப்பட்ட நான், ஒரு மடக்குக் கத்தியை போட்டோ பார்த்து வாங்கினேன்.

போட்டோவில் தாடிக்காரன் ஒருவன் மலையுச்சியில் உட்கார்ந்து ஒரு குச்சியைச் செதுக்கிக்கொண்டிருந்தான். எனக்குத் தாடியும் இல்லை, செதுக்கக் குச்சியும் இல்லை. ஆனாலும் கை போனை அழுத்திவிட்டது. கறுப்புப் பூச்சு போட்ட அலகு, பிடியின் நுனியில் கண்ணாடி உடைக்கும் கூர்முனை, கயிறு அறுக்க ஒரு கொக்கி, கூடவே ஒரு விசில். ஆம்பூரில் என் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நான் சந்திக்கும் ஒரே ஆபத்து ஹைவேயைக் கடப்பது. அங்கே விசில் ஊதினால் லாரிக்காரன் பதிலுக்கு ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான்.

கத்தி வந்த அன்றே உறை தைக்க உட்கார்ந்துவிட்டேன். தோல் ஊரில் இருந்துகொண்டு நைலான் உறையில் கத்தி வைப்பதா என்று ஒரு ரோஷம். கழிவுத் துண்டுகளில் தடிமனாக ஒன்றைப் பொறுக்கி, இரட்டைத் தையல் போட்டு, பெல்ட்டில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன்.

"இன்னாங்க, போலீஸ்ல சேந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "வெங்காயம் வெட்ற கத்தி மொண்ணையா கெடக்குது, அதப் பாக்க ஆள் இல்ல."

கோடை முழுக்க அந்த உறை என் இடுப்பில் வியர்வையில் ஊறியது. ஆரம்பத்தில் கத்தியை விரித்தால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு பூட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தச் சத்தம் நின்றுபோனது. எனக்கு ஒரே சந்தோஷம். கத்தி பழகிவிட்டது, மென்மையாகிவிட்டது என்று நினைத்தேன். தோல் மென்மையானால் விலை ஏறும். கத்தி மென்மையானால் ஆஸ்பத்திரியில் தையல் போடுவார்கள் என்பது அப்போது தெரியாது.

தரம் பிரிக்கும் மேசையில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். பூர்வீகம் மேல்விஷாரம். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆனால் அவர் அரைமணி நேரம் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டதால் இன்றுவரை அவர்தான் சீனியர். எங்கள் வேலைக்குக் கத்தி வேண்டும். சாயம் தோலின் உள்ளே வரை இறங்கியிருக்கிறதா என்று தெரிய, கழுத்துப் பக்கம் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிப் பார்ப்போம். மேலே கறுப்பும் நடுவில் சாயம் எட்டாத பழைய பதனீட்டு நீலமுமாக இருந்தால் அந்தத் தோல் வந்த வழியே திரும்பிப் போகும்.

ஒருநாள் பாய் தன் கத்தியைத் தொலைத்துவிட்டு நின்றார். நான் பெல்ட்டிலிருந்து என் கத்தியை உறையோடு கழற்றி, பரிசு கொடுப்பதுபோல நீட்டினேன்.

"வெச்சிக்க பாய். இதுல கண்ணாடியே ஒடைக்கலாம்."

"எந்தக் கண்ணாடிய?"

"வண்டியோட தண்ணிக்குள்ள முழுகிட்டன்னு வை, உள்ளயிருந்து ஒடச்சிட்டு வெளிய வந்துடலாம்."

"எங்க, பாலாத்துலயா?"

பாலாற்றில் அப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் பேச்சை மாற்றினேன். பாய் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள், தடித்த கழுத்துத் தோலில் கத்திமுனையை வைத்து அழுத்தினார். அலகு சத்தமில்லாமல் மடங்கி அவருடைய வலது ஆள்காட்டி விரல் நுனியில் இறங்கியது. நான்கு தையல். திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை; கத்தியையும் உறையையும் மேசையில் என் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தையல் பிரித்த பிறகும் விரல் நுனி மரத்தே கிடந்தது. உணர்ச்சி மெதுவாகத் திரும்பும், ஆனால் அதே இடத்தில் இன்னொரு வெட்டு பட்டால் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எங்கள் தொழிலில் படிப்பு, சர்டிபிகேட் எல்லாம் அந்த நுனியில்தான் இருக்கிறது. மேல்பரப்பு உள்ளே பிடிப்பில்லாமல் தளர்ந்திருப்பதைக் கண் காட்டாது, விரல்தான் சொல்லும். பாய் நடுவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். வேலை பாதிக்குப் பாதி ஆனது.  மேனேஜர் அடிக்கடி வந்து பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். கத்திக்குப் பதிலாக பாய் இப்போது உடைந்த ஹாக்சா பிளேடு ஒன்றைத் தீட்டி, ஒரு முனையில் டேப் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவர் அதை எடுக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

"பாய், நான் வேற நல்ல கத்தியா வாங்கியாறேன்."

"நீயா? இன்னும் ஒம்போது வெரல் மிச்சம் இருக்குதுன்னு பாக்கறியா?"

"இந்த வாட்டி பாத்து வாங்கறேன் பாய்."

"வாங்கிட்டு வா. மேசைல வெச்சி அழுத்திப் பாப்பேன். அடில ஒன் வெரல்தான் இருக்கும்."

நியாயமான நிபந்தனை. இரண்டு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வேலூர் லாங் பஜாருக்குப் போய், ஒரு ஹார்டுவேர் கடையில் நுழைந்து, எஃகு எந்த ரகம், கடினம் எவ்வளவு, எந்த டிகிரியில் தீட்டியது என்று வரிசையாகக் கேட்டேன்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சார், கத்தி வாங்க வந்தீங்களா, எனக்குப் பரிச்ச வெக்க வந்தீங்களா?"

ஆறு கத்திகளை எடுத்துப் போட்டார். வீடியோவில் பார்த்தது எல்லாம் மண்டைக்குள் குழம்பிவிட்டது. சரி, தெரிந்த வேலையைச் செய்வோம் என்று முடிவெடுத்தேன். தோலை வாங்கும்போது நான் முதலில் மேல்பக்கத்தைப் பார்ப்பதில்லை. புரட்டிப்போட்டுச் சதைப்பக்கத்தைப் பார்ப்பேன். மேலே சாயமும் பளபளப்பும் எதையும் மறைக்கும். பின்பக்கத்தில் உரித்தவனின் கத்தி பட்ட இடம் எல்லாம் அப்படியே இருக்கும். கத்திகளையும் அப்படியே கவிழ்த்தேன். அலகைப் பார்க்காமல் முதுகைப் பார்த்தேன், கழுத்து மூட்டைப் பார்த்தேன்.

அப்போதே ஒரு தெளிவு வந்துவிட்டது. ஒன்றின் அலகு விரித்த பிறகும் பல் ஆடுவதுபோல ஆடியது. ஒதுக்கினேன். இன்னொன்றின் மூட்டில் ஆணி அடித்து மூடியிருந்தது, கழற்றித் துடைக்க முடியாது. மற்றவற்றை விரித்து, விரல் எதுவும் அலகின் பாதையில் வராதபடி உள்ளங்கையில் பிடித்து, முதுகை கவுண்டர் ஓரத்தில் தட்டினேன். இரண்டு கத்திகள் மரியாதையாக மடங்கிக் கும்பிட்டன. ஒன்று நின்றது, ஆனால் பிடி கைக்குள் வழுக்கியது. கடைசிக் கத்தி அசையவில்லை. மரப்பிடி, பூச்சு இல்லாத தடித்த அலகு, நீளம் என் விரல் அளவுதான். முதுகில் ஓர் இரும்புப் பட்டை. அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒழிய மடங்காது. விரித்ததும் 'டக்' என்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் தட்டினேன்.

"சார், கவுண்டர ஒடச்சிடாதீங்க."

விசில் இல்லை, கொக்கி இல்லை. இதுதான் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. அந்தத் தெம்பில் பழைய கத்தியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "இந்த மாதிரிதாங்க ஆன்லைன்ல ஏமாத்தறானுங்க."

அவர் அதை விரித்து, மூட்டுக்குள் ஒரு ஊசியை விட்டுக் கிளறினார். பழுப்பாகத் தூள் கொட்டியது.

"இத எதுல வெச்சிருந்தீங்க?"

"தோல் ஒறைல," என்றேன் பெருமையாக. "நானே தெச்சது."

"தோல் வேர்வைய இழுத்து உள்ளயே வெச்சிக்குமே சார். துரு ஏறி லாக்கு முழுசா உக்காரல. கத்தி மேல தப்பு இல்ல." பிறகு கேட்டார்: "நீங்க இன்னா வேல பாக்கறீங்க?"

"ஸ்கூல்ல வாத்தியாருங்க."

"அதான பாத்தேன். தோல்ல வேல செய்றவங்களுக்கு இது தெரியுமே."

திரும்பும் பஸ்ஸில் இதைப் பாயிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லாமல் விட்டால் என் மானம் பிழைக்கும். ஆனால் பாயும் தோல் ஊர்க்காரர்தான். புதுக் கத்தி கையில் வந்தால் ஒரு வாரத்தில் அவரும் ஓர் உறை தைப்பார். அப்புறம் அதே துரு, அதே விரல். மானத்தை வாணியம்பாடியைத் தாண்டி எங்காவது இறக்கிவிட்டிருக்கலாம். பஸ் அதுவரை போகாததால் ஆம்பூரிலேயே இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பாய் புதுக் கத்தியை விரித்தார். ஒப்பந்தப்படி என் விரலை அலகுக்கு அடியில் நீட்டினேன். அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, தட்டி ஒதுக்கினார். மேசை ஓரத்தில் முதுகைத் தட்டினார். மடங்கவில்லை. தடித்த கழுத்துத் தோல் ஒன்றை இழுத்து முனையை வைத்து அழுத்தினார். எனக்கு மூச்சு நின்றது, கத்தியும் நின்றது. கீற்று சுத்தமாக வந்தது, உள்ளே வரை கறுப்பு.

பிறகு அதே தோலின் மேல், தையல் தழும்பு இருந்த அந்த ஆள்காட்டி விரலை ஓட்டினார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"உண்ணி," என்றார்.

நான் முதல் தரம் என்று தள்ளிவைத்த தோல் அது. குனிந்து பார்த்தேன், ஊசி முனை அளவுக்கு இருந்தது. என் வேலையில் தப்பு கண்டுபிடித்ததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: உறை, வியர்வை, துரு, 'டக்' சத்தம் நின்றபோது நான் மகிழ்ந்தது, லாங் பஜாரில் நான் வாத்தியார் ஆனது வரை. பாய் அடுத்த தோலைப் புரட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அதோடு நிறுத்தாமல் வாயை விட்டேன்.

"இதுக்கும் ஒரு ஒற வேணும்ல பாய். இந்த வாட்டி நல்லா கழுவி எடுத்த தோலா பாத்து, நானே தெச்சித் தர்றேன்."

அவர் கத்தியை மடக்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கத்தி மட்டும் போதும், வாத்தியாரே."