நூற்றுக்கு எண்பது

அவருக்குத் தொழில் தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது. தெருவில் ‘அளவுக்காரர்’ என்றால் தெரியும். அறைக்குள் நின்று கண்ணால் ஒரு சுற்று பார்த்துவிட்டு இத்தனை டைல்ஸ் வேண்டும் என்பார். பிறகு டேப் பிடித்தாலும் ஒன்றிரண்டுக்கு மேல் வித்தியாசம் வராது. நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்கச் சொல்வார், உடையும் என்று. பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, சத்தம் மந்தமாக வருவதை ஒதுக்குவார். சதவீதம் என்றால் அவருக்கு இவ்வளவுதான்: போகிறது போனாலும் தரை முழுதாக இருக்கும்.

மனைவியின் தலைக்குள் கட்டி இருந்தது. ஆபரேஷன் செய்தால் நூற்றுக்கு எண்பது பேர் பிழைக்கிறார்கள், செய்யாவிட்டால் ஆறு மாதம் தாண்டாது என்றார் டாக்டரம்மா.

“அந்த இருபது பேர் யாருன்னு முன்னாடியே தெரியாதாம்மா?”

“தெரிஞ்சா அவங்களுக்கு ஆபரேஷனே பண்ண மாட்டோமே.”

“தட்டிப் பார்க்கிற மாதிரி ஏதாச்சும்...”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. “எண்பதுங்கறது நல்ல நம்பருங்க.”

“உங்ககிட்ட நூறு பேர் வர்றாங்க. எனக்கு ஒருத்திதாம்மா.”

இருவர் கணக்கிலும் தப்பு இல்லை. டாக்டரம்மா ஆபரேஷனுக்கான சம்மதத் தாளை அவரிடம் நீட்டினார்.

வார்டில் மனைவி கேட்டதும் சொன்னார்.

“எண்பதா? கணக்குல நான் முப்பத்தஞ்சைத் தாண்டினதே இல்லீங்க. டாக்டரம்மா தாராளமா போட்டிருக்காங்க.”

“சிரிக்காத.”

“அழுதா தொண்ணூறா ஆக்குவாங்களா?”

“நீயே சொல்லு. கையெழுத்துப் போடவா, வேணாமா?”

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “பயமா இருக்குங்க. நீங்களே முடிவு பண்ணிடுங்க.”

தாளோடு வராந்தாவுக்கு வந்தார். எதிர் பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நூற்றுக்கு இருபது என்றால் ஐந்தில் ஒருவர். இடமிருந்து எண்ணினால் ஐந்தாவது ஆள் குடையை மடியில் வைத்திருந்த கிழவர். வலமிருந்து எண்ணினால் செல்போனில் சிரித்துக்கொண்டிருந்த பெண். எங்கே தொடங்குவது என்று யார் சொல்வது? கிழவர் நகர்ந்து, “உட்காருங்க தம்பி” என்று இடம் கொடுத்தார். இப்போது ஆறு பேர்.

ஆறு மாதம் என்பது மட்டும் சுருங்காமல் நீளாமல் அப்படியே நின்றது. கையெழுத்துப் போட்டார்.

வார்டில் நர்ஸ் தாளை வாங்கிச் சரிபார்த்தார். “காலையில ஆறு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போவோம்.”

“எண்பதுதானேம்மா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.