எல்லாம் அடக்கம்

என் தங்கை மார்லிஸ் எதற்கும் முதல் முறை கேட்டதும் சம்மதித்தது கிடையாது. இரண்டாம் முறையும் கிடையாது. மூன்றாம் முறை கேட்டவர்களுக்கு அவள் மறுத்ததும் கிடையாது.

எங்கள் ஊரான ஹெல்மரில் இதற்குப் பெயர் பிடிவாதம் அல்ல, வளர்ப்பு. வடக்கு மின்னசோட்டாவில் எவர் வீட்டுக்குப் போனாலும் காப்பி வேண்டுமா என்பார்கள். "ஐயோ, வேணாங்க" என்று சொல்ல வேண்டும். "இப்பத்தான் போட்டேன், சூடா இருக்கு" என்பார்கள். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்று சொல்ல வேண்டும். "அட, ஒரு வாய் குடிங்க" என்று அவர்கள் மூன்றாவது முறை கேட்ட பிறகு, "சரி, கொஞ்சமா" என்று கோப்பையை நீட்ட வேண்டும். முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவன் அலைகிறவன். மூன்றாம் தடவை கேட்காமல் விடுகிறவன் காட்டான்.

மார்லிஸை அவள் கணவன் டுவேன் கல்யாணத்துக்குக் கேட்டதும் இப்படித்தான். முதலில் அவனுடைய லாரியில் வைத்துக் கேட்டான். பிறகு உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டான். மூன்றாவதாக, தேவாலய விருந்தில் உருளைக்கிழங்குச் சாலட்டைப் பரிமாறிக்கொண்டே கேட்டான். "சரி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாலட் வாங்கிக்கொண்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கும் பள்ளி அதிகாரி மூன்று முறை போன் செய்தார். அன்று ஏறி உட்கார்ந்தவள்தான். சாலை எது, பள்ளம் எது என்று தெரியாத பனிப்புயலில், பேருந்து நிறையக் குழந்தைகளை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறக்கிவிட்டு வந்தாள் ஒருமுறை. நகரத்துப் பத்திரிகையிலிருந்து ஆள் வந்து, படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போய்விட்டான். செய்தி வந்தது. படம் வரவில்லை.

அவளுடைய தோழி ராக்ஸான் பக்கத்துப் பண்ணைக்காரி. பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒருத்தி கல்யாணத்தில் மற்றவள் தோழியாகப் பக்கத்தில் நிற்பது என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். மார்லிஸ் கல்யாணத்தில் ராக்ஸான் நின்றாள். ராக்ஸானோ ஒருவனோடு ஃபார்கோ போய், நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டு, யாருக்கும் சொல்லாமல் கட்டிக்கொண்டாள். அது நிலைக்கவில்லை. அதன் பிறகு டாலஸ் போய் அங்கேயே இருந்துவிட்டாள். மார்லிஸ் நிற்கவேண்டிய முறை வரவேயில்லை.

டாலஸில் ராக்ஸான், மனதில் இருப்பதை நேராகச் சொல்லக் கற்றுக்கொடுக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தாளாம். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். இதைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஓர் ஆசிரியர், சான்றிதழ் வேறு. அதே வகுப்பில்தான் ட்ரென்டைப் பார்த்தாள். வீடு விற்றுக்கொடுக்கும் தொழில், பளீரென்ற பற்கள். இருவரும் முதல் நாளே வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ராக்ஸானின் போன் வந்தபோது நான் மார்லிஸின் அடுக்களையில், குழாய்க்கு வளையம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மெக்சிகோல கடற்கரை விடுதில கல்யாணம்டி. நீதான் என் பக்கத்துல நிக்கணும். பவள நிறத்துல டிரெஸ். நிக்கிறியா?"

மார்லிஸின் காது வரை சிவந்துவிட்டது. "ஐயோ, நான் எதுக்குடி? அங்க உனக்கு எவ்வளவோ பேரு இருப்பாங்க."

"நெஜமாத்தான் கேக்கறேன். நிக்கிறியா?"

"என் மூஞ்சிக்கு அதெல்லாம் எதுக்குடி, உன் போட்டோதான் கெட்டுப்போகும்."

"சரி செல்லம், உனக்குக் கஷ்டம்னா வேணாம். ஆனா கல்யாணத்துக்கு வந்துடு."

போனை வைத்த பிறகும் மார்லிஸ் அதன் பக்கத்திலேயே நின்றாள்.

"லைன் ஏதோ கட்டாயிடுச்சுண்ணே. இன்னொரு தடவை கேப்பா."

அந்த வாரமே பவள நிறத் துணி வாங்கி வந்து தைக்கத் தொடங்கினாள். தைத்து முடித்து, மடித்து வைத்து, பனி உருகி, உறைந்த ஏரியும் இளகி, அழைப்பிதழும் வந்துவிட்டது. தோழியாக நிற்பவர்: மேடிசன், ட்ரென்டின் மகள். விருந்தினர்கள் மணல் நிறத்தில் உடுத்த வேண்டும். பவள நிறம் தோழிக்கு மட்டுமே உரியது, மற்றவர்கள் தயவுசெய்து தவிர்க்கவும்.

"எழுதினா என்ன? நேர்ல பாத்தா கேப்பா," என்றாள் மார்லிஸ்.

டுவேன் விமானம் ஏறமாட்டான். "கடலா? எனக்கு ஏரியே அதிகம்" என்றுவிட்டான். அவனுக்குப் பதில் நான் போனேன்.

விடுதியின் விளம்பரத்தில் எல்லாம் அடக்கம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சாப்பாடு அடக்கம், குடி அடக்கம், நாற்காலி, துண்டு, கடல், சூரியன், எல்லாம் அடக்கம். எங்கள் ஊர்க்காரர்களோடு கூடவே வருகிற அடக்கத்தை மட்டும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. வாசலிலேயே கையில் பட்டை கட்டினார்கள். ட்ரென்டின் ஆட்களுக்குத் தங்க நிறம், ஹெல்மரிலிருந்து வந்திருந்த எங்கள் எல்லோருக்கும் நீலம். ஆடுமாடுகளுக்குக் காதில் போடுவோமே, அதைவிட நல்ல தரம்.

ஒரு பெண் தட்டில் ஏதோ பானங்களோடு வந்து, "குடிக்கிறீங்களா?" என்றாள்.

"ஐயோ, வேணாங்க," என்றாள் மார்லிஸ்.

"சரிங்க," என்று அந்தப் பெண் போய்விட்டாள்.

நாங்கள் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம். விமானத்திலும் இதே கதைதான் நடந்திருந்தது.

கடற்கரையில் பரிமாறும் ஓஸ்வால்டோ தங்கமான மனிதர். "தர்பூசணி ஜூஸ்?" "வேணாங்க." போய்விட்டார். "மீன்?" "உங்களுக்கு எதுக்குச் சிரமம்." எங்களால் அவருக்குச் சிரமம் வந்துவிடக் கூடாது என்று எங்கள் குடைப்பக்கம் வருவதையே அவர் நிறுத்திக்கொண்டார். எங்களைச் சுற்றி ஒஹாயோக்காரர்களும் கனடாக்காரர்களும் விடியும் முன்பே நாற்காலிகளில் துண்டு விரித்து இடம்பிடித்து, பிறகு நாளெல்லாம் அதில் கிடந்து, தீயில் திருப்பிப் போட்ட தொத்திறைச்சிபோலச் சிவந்துகொண்டிருந்தார்கள். கையைத் தூக்கினால் கோப்பை வந்தது. நானும் மார்லிஸும் அறைக்குப் போய், கல்யாணப் பரிசாக, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டு அவள் சுட்டு எடுத்து வந்திருந்த கேக்கை வெட்டித் தின்றோம்.

"ராக்ஸானுக்குக் கொஞ்சமாவது மிச்சம் வைண்ணே."

"அவ முதல்ல உன்னைக் கேக்கட்டும்."

ராக்ஸான் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் பற்கள் பளீரென்று ஆகியிருந்தன. "எல்லாம் சௌகரியமா இருக்கா? ஏதாவது வேணுமா செல்லம்?" என்பாள். "ஒண்ணும் வேணாம்டி," என்பாள் மார்லிஸ். "சூப்பர்!" என்று ராக்ஸான் அடுத்த மேசைக்குப் போய்விடுவாள்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை விருந்து. இனி நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இதைவிட வெளிப்படையாக எங்கள் ஊரில் எவரும் பேசியதில்லை.

"ராக்ஸான், மார்லிஸ் நிக்கிறதுல கெட்டிக்காரி," என்றேன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். நின்னா நின்ன எடத்துல நிப்பா."

"ஐயய்யோ, ஒக்கார எடமில்லையா? நாற்காலி போடச் சொல்லவா?"

"வேணாம்," என்றேன். அவளும் போடச் சொல்லவில்லை.

ஆனாலும் அன்று ஒன்று நடந்தது. ராக்ஸான் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தாள். பழைய டீச்சர், பழைய பெஞ்சு, சின்ன வயதில் போன பேருந்து பள்ளத்தில் இறங்கிய கதை என்று பேசப் பேச, டாலஸ் பேச்சு கழன்று, ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. ஓஸ்வால்டோ தேங்காய் கேக் கொண்டுவந்தார். "ஐயோ, எனக்கு வேணாங்க," என்றாள் ராக்ஸான். அவர் தட்டை ட்ரென்ட் முன்னால் வைத்தார். ட்ரென்ட் அதை இரண்டே வாயில் முடித்தார். காலித் தட்டையே ராக்ஸான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்லிஸ் என் முழங்கையை இடித்தாள். "பாத்தியாண்ணே? அவ இன்னும் நம்ம ஊர்க்காரிதான். கேப்பா."

"எப்ப கேப்பா? நாளைக்குக் கல்யாணம்."

"அதான் சொல்றேன், இன்னும் நேரமிருக்கே."

மறுநாள் கடற்கரையில் மூங்கில் வளைவு. அதே வளைவில்தான் எல்லாக் கல்யாணமும். முந்தின ஜோடி போனதும் நாடாவை அவிழ்த்து அடுத்த நிற நாடாவைக் கட்டுவார்கள். பூ மாறுவதில்லை. அறுவடைக் காலத்தில் இயந்திரம் பழுது பார்க்க வரிசையில் நிற்போமே, அதேபோல மணப்பெண்கள் நின்றார்கள். காதில் கருவி மாட்டிய இவோன் என்ற பெண் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். "மேடம், சீக்கிரம். அடுத்த கல்யாணத்துக்கு ஆல்பர்ட்டாக்காரங்க காத்துட்டிருக்காங்க."

மார்லிஸ் மணல் நிறக் கம்பளிச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டு, முழங்காலுக்குக் கீழே வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது.

"வெந்துபோயிடுவ. கழட்டிடேன்."

"பரவாயில்லண்ணே. காத்து வருது."

காற்று வந்தது. கம்பளிச் சட்டையின் ஓரம் தூக்கியது. உள்ளே பவள நிறம். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மேடிசன் பவள நிறத்தில், ஒரு கையில் பூங்கொத்தும் ஒரு கையில் படம்பிடிக்கும் போனுமாக நின்றாள். கல்யாணம் செய்துவைக்கிறவர் வெள்ளைச் சட்டை போட்ட உள்ளூர்ப் பெரியவர். தாளைப் பார்த்து மெல்ல வாசித்தார். ராக்ஸான் வேணுமா என்று ட்ரென்டைக் கேட்டார். ட்ரென்ட், வகுப்பில் படித்தபடி, கேள்வி முடியும் முன்பே "வேணும்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெரியவர் ராக்ஸான் பக்கம் திரும்பி, கேக் கொண்டுவந்தவரைப் போலவே பணிவாகக் கேட்டார். "ராக்ஸான், இந்த ட்ரென்ட் உங்களுக்கு வேணுமா?"

ஊரே பார்க்கிறது. நீட்டப்படுவது பெரிய பொருள். ராக்ஸானின் கழுத்தெல்லாம் சிவந்தது.

"ஐயோ, வேணாங்க," என்றாள்.

அலை ஒன்று வந்து போனது. ட்ரென்டின் சிரிப்பு பற்களோடு அப்படியே உறைந்துவிட்டது. மேடிசன் போனைத் தாழ்த்தினாள், யோசித்துவிட்டு மறுபடி உயர்த்தினாள். ராக்ஸான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள். பெரியவர் தாளை மடிக்கத் தொடங்கினார். அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இவோன் காதுக் கருவியில் ஆல்பர்ட்டாக்காரர்களைக் கூப்பிட்டாள்.

அப்போது என் பக்கத்தில் ஒரு நாற்காலி பின்னால் விழுந்தது.

"அந்தப் பேப்பரை மடிக்காதீங்க!"

பேருந்தின் கடைசி இருக்கை வரை போகிற குரல் அது. அதைக் கேட்டால் ஹெல்மரில் வளர்ந்த எவனும் இன்றைக்கும் முதுகை நிமிர்த்தி உட்காருவான்.

"மேடம், அவங்கதான் வேணாம்னு..."

"அது வேணாம் இல்லீங்க, மரியாதை! இன்னும் ரெண்டு தடவை கேக்கணும். கேளுங்க!"

பெரியவர் இவோனைப் பார்த்தார். இவோன் கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியவர் தாளை மறுபடி விரித்தார்.

"இந்த ட்ரென்ட் உங்களுக்கு வேணுமா?"

ராக்ஸானுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அவருக்கு எதுக்கு... வீண் சிரமம்..."

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல!" என்று ட்ரென்ட் அலறினார்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் மார்லிஸ். "மூணாவது."

பெரியவர் தொண்டையைச் செருமினார். "மேடம், ட்ரென்ட்... கொஞ்சமாவது?"

"சரி," என்றாள் ராக்ஸான்.

ஹெல்மர் பக்கத்து நாற்காலிகளில் எல்லோரும் மூச்சு விட்டோம். டாலஸ் பக்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் மோதிரத்தை எடுக்கச் சொன்னார். ராக்ஸான் எடுக்கவில்லை. கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆளை, கழுத்து வரை பொத்தான் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தவளை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்லிஸ். அன்னிக்குப் போன்ல நான் ரெண்டு தடவைதான் கேட்டேன், இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி. மோதிரத்தைப் போடு."

"ரெண்டே தடவைதான்டி கேட்டேன். கடவுளே! நீ மூணாவதுக்குக் காத்துட்டு இருந்திருக்க."

"மேடம், ஆல்பர்ட்டா..." என்றாள் இவோன்.

"ஆல்பர்ட்டா நிக்கட்டும்," என்றாள் ராக்ஸான். அதைச் சொன்னது டாலஸா, ஹெல்மரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மணலில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"என் பக்கத்துல வந்து நிக்கிறியா?"

மார்லிஸ் முதல் பொத்தானைக் கழற்றினாள். பிறகு அடுத்ததை. அவசரப்படவில்லை. கம்பளிச் சட்டையை மடித்து, ஓரங்களைச் சரிபார்த்து என் மடியில் வைத்தாள். அந்தத் தையலை ஒரு மடிப்பு, ஒரு நூல் விடாமல் நான் பார்த்தேன். கடையில் வாங்கிய மேடிசனின் உடை அதன் பக்கத்தில் வரமுடியாது. மேடிசனும் நல்ல பெண்தான். பூங்கொத்தை நீட்டி, ஓரடி தள்ளி இடம் விட்டாள்.

"சரி," என்றாள் என் தங்கை, "கொஞ்ச நேரம்."

ஆல்பர்ட்டாக்காரர்கள் வந்து வளைவில் நாடாவை மாற்றிக் கட்டத் தொடங்கிய பிறகும் அவள் அங்கேயேதான் நின்றாள்.