நாகப்பட்டினத்துக் கடலில் ஒரு சாப்பாடு

மூன்று வருடங்களுக்கு முன் மார்கழியில், மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து கொழும்பு போய்ப் பினாங்குக்குக் கப்பல் ஏறினோம்; வழியில் நாகப்பட்டினத்திலும் நிற்கும் கப்பல். டிக்கெட்டிலேயே சாப்பாடும் சேர்த்தி. ஆனால் அலையில் தலைசுற்றி அவள் நான்கு வேளை எதையும் தொடவில்லை. அவளுடைய தட்டு அப்படியே திரும்பிப் போவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நாகப்பட்டினத்துல எறங்கி, தம்பி வீட்ல சாப்பிட்டுக்குறேங்க" என்றாள். கல்யாணமாகி மலைக்கு வந்தபின் அவள் தம்பியைப் பார்த்ததே இல்லை.

கப்பல் கரைக்கு எட்டத்தில் நின்றது. எங்களுடையது இலங்கைப் பாஸ்போர்ட். இந்திய விசா இல்லாமல் இறங்கக்கூடாது என்று அதிகாரி தடுத்துவிட்டார். வழிப்பயணிகளுக்கு அது தேவையில்லை என்று, யாரையும் கேட்காமல் நானே நினைத்திருந்தேன்.

எங்கள் கடிதம் பார்த்துக் காத்திருந்த தம்பி படகில் வந்துவிட்டார்.

"எறங்கி வாக்கா! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

"விட மாட்டேங்குறாங்கடா!"

"அத்தான், வாத்தியாருன்னு சொல்லிப் பாருங்க!"

"சொல்லிட்டேன் மாப்பிள்ளை" என்றேன்.

மாலுமி ஒருவர் கயிறு விட்டார். தம்பி அதில் தூக்குச்சட்டியைக் கட்டி அனுப்பினார். மனைவி கம்பியோரம் நின்று, அவர் பார்க்கப் பார்க்கப் புளிச்சோறு முழுவதையும் சாப்பிட்டாள்.

"அழுவாம தின்னுக்கா, உப்பு கூடிப்போகும்!" என்று அவர் கீழேயிருந்து கத்தினார்.

அடுத்த ஆடியில் அவர் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது.

இந்த மார்கழியில் மறுபடியும் பினாங்கு போகிறோம். கப்பல் எங்கெங்கே நிற்கும், இறங்க என்ன வேண்டும் என்று முதலிலேயே விசாரித்தேன். கப்பலேறும் வாசகர்களும் அப்படியே செய்யுங்கள். இந்திய விசாவும் வாங்கி மனைவியிடம் காட்டினேன்.

"யாரைப் பாக்குறதுக்குங்க?" என்றாள்.