நாலாவது மாடி டாக்சி

பிலோமினம்மாளுக்கு அலுத்துப்போயிருந்தது. தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விடிகாலையிலிருந்து வெங்காயம் உரித்து, மீன் கழுவி, அண்டா தேய்த்துவிட்டு, பஸ் மாறி புக்கிட் மேராவில் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தால் கால் நீட்ட இடமிருக்கிறதா? கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு டாக்சி நிற்கிறது.

முழு டாக்சி இல்லை, அதுவரைக்கும் புண்ணியம். டிரைவர் சீட்டு, ஸ்டியரிங், மூன்று பெடல், கைப்பிரேக், முன்பக்கத் தகரம், பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு ஒன்று. எல்லாம் அவள் புருஷன் சவரிராஜ் வருஷக்கணக்காக ஓட்டிய வண்டியிலிருந்து கழற்றியவை. போன வருஷம் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சு திரும்பியது, கை திரும்பியது. காலும் திரும்பியது, ஆனால் மரத்துப்போய்த் திரும்பியது. தரையில் இருக்கிறதா, தூக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் அவருக்கே தெரியும். அதே சமயத்தில் வண்டிக்கும் வயதாகி உடைக்கப் போனது. உடைக்கிற இடத்தில் வேலை பார்த்த கூட்டாளி அப்துல் காதர்தான் வேண்டியதைக் கழற்றிக் கொடுத்தார். லிஃப்ட் ஐந்தாம் மாடியில்தான் நிற்கும். அங்கிருந்து ஒரு மாடி கீழே தூக்கி வந்து, தடித்த பலகையில் எல்லாவற்றையும் முடுக்கி, பிரேக் பெடலிலிருந்து விளக்குக்குப் பேட்டரி வழியாக ஒயர் இழுத்துவிட்டுப் போனார்.

"கால் பழகிருச்சுன்னா டாக்டர் கையெழுத்துப் போட்டுருவாரு. மறுபடி ஓட்டலாம்லா," என்றார் சவரிராஜ்.

பழகுவதற்கு ஒரு ஆள் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? பிலோமினம்மாள் சீட்டுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, அவர் எதிர்பாராத நேரத்தில் எவர்சில்வர் மூடி ஒன்றைத் தரையில் போட வேண்டும். அதுதான் குறுக்கே வரும் ஆள். மூடியின் சத்தம் அடங்குவதற்குள் அவர் பிரேக்கை மிதித்துச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். விளக்கும் பின்னால், அவளும் பின்னால். அவருடைய காலோ முன்பக்கத் தகரத்துக்குக் கீழே, அவர் கண்ணுக்கும் படாது. ஆகவே எரிந்ததா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான்.

முதலில் நிஜத்தைத்தான் சொன்னாள். "இல்லைங்க, லேட்டு." ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷனுடைய கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருநாள் கடையில் முதலாளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூடி விழுந்தது, சத்தம் அடங்கியது, விளக்கு நிதானமாக எரிந்தது.

"எரிஞ்சிச்சா?"

"எரிஞ்சிச்சு, எரிஞ்சிச்சு. சாப்பிட வாங்க."

அடடா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? மறுநாளும் எரிந்தது, அதற்கு மறுநாளும் எரிந்தது. டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டார்.

"முதல் சவாரி நீதான் பிலோமினா. லூர்து மாதா கோயில் வாசல்ல கொண்டுபோய் இறக்குறேன், மீட்டர் போடாம."

இதைச் சொல்வது யார்? பெண்டாட்டியை ஏற்றினால் அன்றைக்குச் சவாரி படியாது என்று இத்தனை வருஷமும் அவளைப் பஸ்ஸில் அனுப்பிய மனுஷன். டாக்டர் என்ன பார்ப்பார்? நடக்கச் சொல்வார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். இரண்டையும் இவர் நன்றாகவே செய்வார். கையெழுத்து விழுந்துவிடும். அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சாலையைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றவள் வந்த பஸ்ஸைத் தவறவிட்டாள். சேசுவே, நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

டாக்டரிடம் போவதற்கு முதல்நாள் சாயங்காலம் மூடியைப் போட்டாள். சத்தம் அடங்கியது. அதற்கப்புறம்தான் விளக்கு.

"எரிஞ்சிச்சா?"

"இல்லைங்க."

"இன்னிக்கு ஏதோ அசதி."

"இன்னிக்கு மட்டும் இல்லைங்க. ஒரு நாளும் நேரத்துக்கு எரியல. நான்தான் உங்க மூஞ்சியப் பார்த்துப் பொய் சொல்லிட்டேன்."

சவரிராஜ் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார். "தினமும் எரிஞ்சிச்சின்னே. நாளைக்கு டாக்டர்னதும் எரியலங்கிற. எதை நம்பச் சொல்ற? நான் வீட்டோட கெடக்கணும், அதானே உனக்கு?"

அவளுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆமா, நீங்க வீட்ல உக்காந்திருக்க, நான் அண்டா தேய்க்க, எனக்கு அவ்வளவு ஆசை!" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். பொய்யை உடனே நம்பிய ஆள் நிஜத்தை நம்ப மாட்டேன் என்கிறாரே, யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் டாக்சி ஓட்டும்போது போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவளும் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனாள். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பழக்க தோஷம், டிரைவரின் தோளுக்கு மேலாகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். சிக்னலில் சவரிராஜின் கால் தரையை மிதிப்பதைக் கண்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு லாரி சட்டென்று குறுக்கே வந்தது. பஸ் டிரைவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாருடைய பையிலிருந்தோ உருளைக்கிழங்கு சிதறி ஓடியது. ஒன்று உருண்டு வந்து சவரிராஜின் செருப்பில் முட்டியது. அவர் குனிந்து பார்த்தார். பஸ் நின்றுவிட்டது. லாரி போய்விட்டது. அதற்கப்புறம்தான் அவருடைய வலது கால் எழுந்து, தரையை ஓங்கி மிதித்தது.

அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் மறுபடி கிளம்பியது.

"பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்."

"பஸ்காரன் எப்பவோ பிடிச்சிட்டான்."

"ஆமாங்க."

இதைத்தானே நம்ப வைக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்க மாதாவைக் கும்பிட்டாள்? நம்பிவிட்டார். ஒரு பொட்டுச் சந்தோஷம் வரவில்லை.

டாக்டர் இடத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. சவரிராஜ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மணிய அடி. எறங்கி வீட்டுக்குப் போவோம்."

அவள் மணியை அழுத்திவிட்டு எழுந்தாள். அவர் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இரு," என்றார். "வண்டி நல்லா நிக்கட்டும்."