சரவணன் கம்ப்யூட்டரில் நான் கை வைத்த நாள்

திங்கள்கிழமை காலை பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தும்போது சரவணன் மனைவி மாலாவின் குரல்பதிவு வந்தது. "அவர் போயிட்டாருங்க. குரூப்புல எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க." மதியம்தான் உங்களுக்கு எழுதினேன்.

கம்ப்யூட்டர் கேம் ஆடும் நம் குழுவில் சரவணனைத் தெரியாதவர் இல்லை. கேம் தொடங்கித் திரை கறுத்துப்போனால் எல்லோரும் அவருக்குத்தான் போன் போடுவோம். "பதறாதீங்க. ஆல்ட்டையும் என்டரையும் சேத்து அழுத்துங்க, முழுத்திரைய விட்டு வெளிய வந்துடலாம்" என்பார். வெளியே வரத் தெரியாமல் வீட்டு மெயினையே அணைத்த மண்ணச்சநல்லூர் நண்பரை, "கரண்ட் இருக்குங்களா?" என்று ஒரு மாதம் விசாரித்துக்கொண்டிருந்தார். தசைநோயால் சரவணனுக்கு ஒரே ஒரு விரல்தான் அசையும் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த அவரால் முடியாது.

அதனால் கேமை எப்போதும் விண்டோவில்தான் வைத்திருப்பார். அதன் மேல் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் மிதக்கும். அந்த ஒரு விரலால் மவுஸ் அம்பை அங்கே நகர்த்தி ஒரு தட்டு தட்டினால் மாலாவின் போன் அடிக்கும்.

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் அவருடைய மாடி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே எரிச்சல். கேமும் திரையும் ஒத்துப்போகாமல் படம் திக்கித் திக்கி ஓடும். "எப்படிங்க இதைப் பாக்கறீங்க?" என்பேன். "பழகிடுச்சு, விடுங்க" என்பார். நான் விடவில்லை. தேருக்கு முதல்நாள், மாலா அவரைத் திருப்பிப் படுக்க வைத்து உடம்பு துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், முழுத்திரையாக்கி, படத்தைத் திரையோடு ஒத்துப்போக வைக்கும் வி-சிங்க்கையும் போட்டுவிட்டேன். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சிவப்புப் பொத்தான் முழுத்திரைக்குப் பின்னால் மறைந்ததை இந்த மேதாவி கவனிக்கவில்லை.

மறுநாள் மாலா கேமைப் போட்டுக்கொடுத்துவிட்டுத் தேர் பார்க்கக் கீழே இறங்கினார். கேம் பாதியில் உறைந்தது. சரவணனின் தலை முன்னால் தொங்கிவிட்டது, நிமிர்த்த ஆளில்லை. வீதியில் கேட்ட கொட்டுச் சத்தத்தில் அவருடைய குரல் அறையைக்கூடத் தாண்டவில்லை. போன் அடிக்காததால் எல்லாம் நலம் என்று நம்பி, மாலா கூட்டத்தோடு கூட்டமாக வடம் பிடித்திருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து மேலே ஏறி வந்தபோது சரவணனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

செய்தி தெரிந்து ஓடினேன். சரவணன் சொன்னார். "உங்க கண்ணு உறுத்துதுன்னு என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களே."

அழுதுவிட்டேன். அதைப் பார்த்து, "சரி விடுங்க, படம் என்னமோ நல்லாத்தான் ஓடுச்சு" என்று சிரித்தார். மறுபடி விண்டோவில் வைத்துக்கொடுத்தேன். அதற்குப் பிறகும் ஒரு வருடம், அந்தத் திக்கும் படத்தோடு என்னோடு ஆடினார்.

இப்போது அவரைக் கொண்டுபோனது நெஞ்சுச்சளி, அன்றைக்கு நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் மாலா. நம்பப் பார்க்கிறேன். சரவணனின் கிண்டலையும் சிரிப்பையும் நீங்கள் எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்னை மன்னித்ததைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. ‘பூட்டிட்டீங்களே’ என்ற அந்தத் திட்டை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.