மதாம் வீட்டு சர்வர்

மகளுக்கு அந்த சர்வர் எப்படியாவது ஓட வேண்டும். அம்மாவுக்கு அது எப்படியாவது ஓடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நான். முதல் நாளே இது தெரிந்திருந்தால் முதுகு வலி என்று சொல்லிக் கழன்றுகொண்டிருப்பேன். அது பொய்யும் இல்லை, அப்போது எனக்கு உண்மையாகவே முதுகு வலி இருந்தது.

அந்த அம்மாவைத் தெருவில் எல்லோரும் பிரெஞ்சு வழக்கில் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு, வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். பிறப்பு, கல்யாணம், இறப்பு சர்டிபிகேட்டுகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுப்பார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் அந்த வேலைக்கு என்றைக்கும் குறைவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் யார் பிறந்தாலும், யார் கட்டிக்கொண்டாலும், யார் போய்ச் சேர்ந்தாலும் ஒரு காகிதம் அவர் மேஜைக்கு வந்தே தீரும். கணவர் இறந்த பிறகு அந்த மேஜைதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரே மகள் பாரிஸ் பக்கம் ஏதோ ஓர் ஊரில், மருத்துவமனை வேலையில் இருந்தாள். தனியாக ஏன் கிடக்கிறீர்கள், இங்கே வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் கூப்பிடுவாள். "வேலை கிடக்குதே பாப்பா" என்று ஒவ்வொரு ஞாயிறும் இவர் சொல்வார். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் மதாம் இந்த ஊரில் இருந்தார்.

அந்தப் பதிலைப் பிடுங்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மதாமின் பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க் போய், பல மாத வேலை அதோடு போயிருந்தது. என்னால் மீட்க முடியவில்லை. மகள் அங்கிருந்தே முடிவு செய்தாள். நல்லதாக ஒரு சர்வர், அதில் நான்கு டிஸ்க், ஒன்று போனாலும் வேலை போகாது. கூடவே ரிமோட் டெஸ்க்டாப். அம்மா பிரான்சில் உட்கார்ந்துகொண்டு இங்கே உள்ள கம்ப்யூட்டரையே எதிரில் இருப்பது போலத் திறந்து வேலை செய்யலாம். "அப்புறம் வேலை கிடக்குன்னு சொல்ல முடியாது பாருங்கண்ணா" என்று என்னிடம் போனில் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக மற்றவர்களுடைய மேஜைக்கு அடியில்தான் என் பிழைப்பு. அப்பா மில்லில் இருந்தார். மில் மூடியபோது இனிமேல் கம்ப்யூட்டர்தான் என்று யாரோ சொல்ல, என்னைப் படிக்க அனுப்பினார். கம்ப்யூட்டர் வேலை என்றால் ஏசி அறை, சுழல் நாற்காலி என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். முழங்கால் போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கரப்பான் பூச்சியோடு வயர் தேடுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மதாம் அதைப் பார்த்துவிட்டு, "மாதா கோயில் பூசையில கூட நான் இவ்ளோ நேரம் முழங்கால் போட்டதில்ல தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மாட்டி, நான்கையும் ஒரே கூட்டாகச் சேர்த்தேன். கூட்டுக்கு எங்கள் பாஷையில் அரே என்று பெயர். அது தன்னைத் தானே சரிபார்த்துத் தயாராக நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும். அதுவரை மின்சாரம் போகக் கூடாது என்று யூபிஎஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மதாம் திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"நாலு வாங்கினோம். மூணுக்குத்தான் இடம் காட்டுது. நாலாவது எங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. டாக்டரும் கேட்பார், ஆடிட்டரும் கேட்பார், கேட்கும்போது என் பையையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். நாலாவதை நான் சுருட்டிவிட்டேன் என்று நினைப்பு. பதிலை மனப்பாடமாக ஒப்பித்தேன். "கோயில்ல நாலு பேர் சேர்ந்து பாடுறீங்க மதாம். ஒருத்தர் வரலன்னாலும் மிச்ச மூணு பேர் அவர் பாட வேண்டியதையும் சேர்த்துப் பாடிடுவாங்க. அதுக்காக ஒரு பங்கு இடத்தை ஒதுக்கி வச்சிருக்கு."

"ரெண்டு பேர் வரலன்னா?"

"ரெண்டு போனா அவ்ளோதான்."

"இந்த வீட்டுல ரெண்டு பேர் ஏற்கெனவே போயாச்சு" என்றார் மதாம். "நான் ஓடிக்கிட்டுத்தான இருக்கேன்?"

ஃபேனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கூட்டு தயாரானதும் அவருக்கு ஒரு கணக்குத் திறந்தேன். முதல் தடவை உள்ளே போகும்போது புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி சர்வர் கேட்கும். மதாம் என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, மகள் பிரான்சிலிருந்து வாங்கி அனுப்பிய கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். சுவரில் அவர் கணவரின் படம் இருந்தது. அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு ரிமோட் டெஸ்க்டாப். வெளியே நேரடியாகத் திறந்து வைத்தால் உலகத்தில் உள்ள திருடன் எல்லாம் வந்து கதவைத் தட்டுவான். அதனால் மதாமுக்கு மட்டும் ஒரு தனி வழி போட்டு, அவருடைய லேப்டாப்பைப் பக்கத்து அறையில் வைத்துச் சோதித்தேன். உட்கார்ந்தார், பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையை வைத்தார், உள்ளே போனார். எல்லாம் சரியாக இருந்தது. நான் பையைக் கட்டினேன்.

மறுநாளே போன். எழுத்து சின்னதாகத் தெரிகிறது. என் வீடு இருக்கும் தவளக்குப்பத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, கடலூர் ரோட்டுப் புழுதியைத் தின்றுகொண்டே போய் எழுத்தைப் பெரிதாக்கினேன். அடுத்து, பிரிண்டர் வரவில்லை. வர வைத்தேன். அடுத்து, படம் தயங்கித் தயங்கி நகர்கிறது. போய்ப் பார்த்தால் அது என் வீட்டில் ஓடுவதைவிட நன்றாக ஓடியது. கடற்காற்றில் இரும்பு எல்லாம் துருப் பிடிக்குமே, சர்வரும் பிடிக்காதா என்று கேட்டார். பிடிக்கும், ஆனால் இந்த வாரம் பிடிக்காது என்றேன். குரலில் சலிப்பை மறைக்க முடியவில்லை.

மதாம் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். இது ஓடலன்னா என்ன ஆகும்?"

"நான் ஓட வச்சிடுவேன் மதாம்."

"அதைக் கேக்கல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடலன்னா நான் போகத் தேவையில்ல. எனக்குப் போக இஷ்டமில்ல தம்பி. அங்க சன்னலத் திறந்தா ஒருத்தர் முகமும் தெரியாது. இங்க மார்க்கெட்டுக்குப் போனா மீன்காரம்மாகூட என்னைத் திட்டுறதுக்கு இருக்கு. பாப்பாகிட்ட வர மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அவ எனக்காகத்தான கவலைப்படறா."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை தடவை வந்து போனதற்கு இதுவா காரணம் என்று. பிறகு பாவமாக இருந்தது. பாவப்படுவதற்கும் தெம்பு வேண்டும், அது அந்த வாரம் என்னிடம் கொஞ்சம்தான் இருந்தது. ஜூஸைக் குடித்துவிட்டு, கடைசிச் சோதனை மகள்தான் செய்ய வேண்டும், அவள் அங்கிருந்து உள்ளே வந்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியில் வரும்போது, இந்த வேலையை வேறு யாராவது செய்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவளுக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாள், இங்கே மதியம், சோதனைக்கு உட்கார்ந்தோம். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவள் தன் லேப்டாப்பில் நான் அனுப்பியிருந்த அந்தத் தனி வழியைத் திறந்தாள், சர்வரின் வாசல் வரை வந்துவிட்டாள். மதாம் தன் பாஸ்வேர்டை, எனக்குக் கேட்காமல் இருக்க, போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார். அவள் அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள், மறுபடி தவறு. இன்னும் சில தடவை அடித்ததும் கணக்கே பூட்டிக்கொண்டது.

"ஓடல இல்ல?" என்றார் மதாம். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பூட்டை எடுத்துவிட்டு, இங்கேயே நேரடியாக அடித்துப் பார்க்கச் சொன்னேன். அடித்தார், திறந்துகொண்டது. அங்கே தப்பு, இங்கே சரி. ஒரே வார்த்தை. நான் தலையைச் சொறிந்துகொண்டு அவர் கைக்கு அடியில் இருந்த கீபோர்டைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நம் ஊர்க் கீபோர்டில் க்யூ இருக்கிற இடத்தில் பிரெஞ்சுக் கீபோர்டில் ஏ இருக்கும். உள்ளே போன பிறகு பிரெஞ்சு முறை வரும்படி நான் வைத்திருந்தேன். பாஸ்வேர்டு கேட்கிற வாசலில் மட்டும் ஆங்கில முறையே நின்றுவிட்டது. மதாம் ஏ என்று நினைத்து அடித்ததெல்லாம் க்யூவாக விழுந்திருக்கிறது. திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும், யாருக்குத் தெரியப்போகிறது? தினமும் அதே தப்பை அதே விரலால் செய்ததால் அவருக்குத் தினமும் திறந்தது.

போனில் என் பக்கத்து ஒலியை நிறுத்திவிட்டு அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஒரு நிமிஷ வேலை."

மதாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாத தம்பி."

நல்லது கெட்டது யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒலியைத் திறந்து, "இன்னிக்கு ஆகாது போல இருக்கு மேடம். ஏதோ ஒத்துவரல" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அண்ணா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லச் சொல்லி மதாம் தலையை ஆட்டினார். "உள்ள போயிருக்காங்க" என்றேன். ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, இரண்டாவது தானாக வந்தது.

"எப்படியாவது சரி பண்ணிக் குடுங்கண்ணா." குரல் உடைந்திருந்தது. "அம்மா தனியா இருக்காங்கன்னு நான் கூப்பிடல. அவங்க அங்க நல்லா இருப்பாங்க, அவங்களுக்குத் தெருவே இருக்கு. எனக்குத்தான் இங்க யாரும் இல்ல. என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போயி ஒரு வருஷம் ஆகுது. அம்மாகிட்ட சொல்லல. டியூட்டி முடிஞ்சு வந்தா, இருட்டு வீட்ல நான்தான் போய் லைட்டு போடணும். அம்மா வேலைய விட்டுட்டு எனக்காக வரணும்னு கேக்க முடியல. அதான் வேலையோட வரட்டும்னு இதெல்லாம் பண்ணேன்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள், அதில் ஒருத்தி வரச் சொல்ல, ஒருத்தி வேலை கிடக்கிறது என்று சொல்ல, ஒருவர்கூட உள்ளதைச் சொல்லவில்லை. எனக்கு இருவர் மேலும் எரிச்சல் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மதாம் என் மணிக்கட்டை விட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பாப்பா."

"மமான்?" என்று பிரெஞ்சில் அம்மாவைக் கூப்பிட்டாள் அவள். பிறகு அழுகை மட்டும் கேட்டது.

மதாம் அது ஓயும் வரை காத்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. பாஸ்வேர்டையே மாற்றிவிடவா, அதுதான் சுலபம் என்று நான் மெதுவாகக் கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். "அடி பாப்பா. நான் சொல்றேன். ஏ வர்ற இடத்துல எல்லாம் க்யூ போடு. நான்தான் தப்பா வச்சிருக்கேன்." கீபோர்டைப் பார்த்து, விரலை வைத்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். இந்த முறை நான் பக்கத்தில் இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பிரெஞ்சுக் கீபோர்டில் ஷிஃப்டைப் பிடித்து அடிக்கும் எண்கள் இருந்த இடத்தில் என்ன குறி விழுந்திருக்கும் என்று கேட்டார், நான் சொன்னேன், அதையும் அவளுக்குச் சொன்னார்.

அவள் உள்ளே வந்துவிட்டாள். அதே நொடியில் மதாமின் திரை தானாகப் பூட்டிக்கொண்டது. பாதி மொழிபெயர்த்து வைத்திருந்த யாரோ ஒருவருடைய கல்யாணச் சர்டிபிகேட் மறைந்து, வெறும் நீலம் நின்றது. அது அப்படித்தான். ஒரே கணக்கில் அங்கே உள்ளே வந்தால் இங்கே வெளியே வந்தாக வேண்டும். அதை அவருக்கு முன்பே சொல்லி வைக்க நான் மறந்திருந்தேன்.

"என்னை வெளிய தள்ளிடுச்சா தம்பி?"

"ஒருத்தர் ரெண்டு இடத்துல இருக்க முடியாது மதாம்" என்றேன். சர்வரைப் பற்றித்தான் சொன்னேன்.

மதாம் அந்த நீலத் திரையிலிருந்து திரும்பினார். பிறகு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அழாத பாப்பா" என்றார். "நான் வரேன்."