அக்கா வாங்கிய இரண்டு தூண்டில்கள்

பெரியக்காவுக்குக் கல்யாணமானபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை மீனை அவள் சந்தையில்தான் பார்த்திருந்தாள். சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் வேலை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க எண்ணெய்க் கறையோடு லிஃப்ட் குழிக்குள் கிடப்பவர், ஞாயிறு விடிந்தால் ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்குக் கெண்டை பிடிக்கப் போய்விடுவார். தூண்டில், அவரோடு வேலை பார்த்த ஒரு நண்பரிடம் வாங்கிய இரவல். அந்த நண்பர் வேலை மாறிப் போனபோது தூண்டிலும் அவரோடு போய்விட்டது.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அத்தான் வீட்டில் இருந்தார். நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இவர் வீட்ல இருந்தா வீடு தாங்காது. வா, கடைக்குப் போவோம்" என்று அக்கா என்னையும் சேர்த்துக் கிளப்பினாள்.

குறுகலான தூண்டில் கடை. ரப்பரும் தூசியும் கலந்த வாசனை. உள்ளே நுழைந்ததும் அத்தானின் கண் மெலிதான ஒரு கறுப்புத் தூண்டிலில் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார். விலையைக் கேட்டதும் சுட்டுவிட்டதுபோல் அத்தான் அதைத் திருப்பி வைத்தார்.

"கெண்டை முரட்டுத்தனமா இழுக்கும்மா" என்றார் கடைக்காரர் அக்காவிடம். "கோல் நல்லா வளையணும், ஆனா ஒடியக் கூடாது. அந்த மூலையில இருக்கறது கண்ணாடி நார், அதான் ஃபைபர்கிளாஸ். கனம் ஜாஸ்தி, விலை கம்மி. மிதிச்சாலும் தாங்கும்."

அந்தக் கோல்கள் அழுக்குப் பச்சை நிறத்தில் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாக எடுத்தாள். தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் சுண்டு விரலை விட்டுத் தடவினாள். சொரசொரவென்று பட்டதை ஒதுக்கினாள். கோலின் இரண்டு துண்டையும் சேர்த்து மாட்டி, மூட்டு ஆடுகிறதா என்று உலுக்கினாள். பிறகு அத்தானை நுனியைப் பிடித்து இழுக்கச் சொன்னாள்.

"நான் என்ன மீனா?" என்றார் அவர்.

"இழுங்க, பாக்கலாம்."

கடைசியில் இரண்டு கோல்களை எடுத்து வைத்தாள்.

"எதுக்கு ரெண்டு?"

"நீங்க தண்ணியப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. நான் உங்க முதுகப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

 வீடு வரும்வரை இரண்டையும் அத்தானே தோளில் சுமந்து வந்தார்.

மழைக்காலம் முழுக்க அக்காவின் தூண்டிலை ஒரு மீனும் சீண்டவில்லை. இரையாக மாட்டிய வேகவைத்த சோளமும் ரொட்டி உருண்டையும் கரைந்ததுதான் மிச்சம். பிறகு, நானும் கூடப் போயிருந்த ஒரு காலை, தாங்குகட்டையில் சாய்த்திருந்த கோல் சரசரவென்று தண்ணீருக்குள் இழுபட்டது. அக்கா செருப்போடு முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்தாள். கோல் வில்லாக வளைந்தது. அத்தான் உதவிக்குப் பாய்ந்தார்.

"கைய எடுங்க. இது என்னோடது."

கரையேறிய கெண்டை, ஒரு கைக்குழந்தை அளவு. ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தோம். பாதி வழியில் அது துள்ளி ஒருவர் மடியில் போய் விழுந்தது. "அதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்கம்மா" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அன்று மாடிப்படி நெடுக எல்லா வீட்டுக்கும் மீன் போனது.

அப்படியே வருடங்கள் ஓடின. ஒருநாள் வேலையில் கம்பி வடம் அறுந்து அடித்ததில் அத்தானின் வலது தோள் போய்விட்டது. கை தலைக்கு மேல் எழும்பாது. தூண்டிலை வீச முடியாது. "நீ போ, எனக்கு வேண்டாம்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அக்கா கெஞ்சவில்லை. ஒரு ஞாயிறு தனியாகவே கிளம்பிப் போனாள். அன்று வீட்டில் துணைக்கு இருந்தது நான்தான். அத்தான் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். மத்தியானம் ஆனதும், "அவ டீ குடிச்சிருக்க மாட்டா" என்று தானே போட்டு, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினார். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

ஏரிக்கரையில் அக்கா இரண்டு தூண்டிலையும் வீசி வைத்திருந்தாள். பக்கத்தில் அவருடைய மடக்கு நாற்காலி விரித்துக் கிடந்தது.

"ஒண்ணும் மாட்டலையா?" என்றார் அத்தான்.

"இன்னும் இல்ல. உக்காருங்க. வலது பக்கம் இருக்கறது உங்களோடது, மீன் மாட்டினா நான் தொட மாட்டேன்."

அவர் உட்கார்ந்தார். இடது கையால் மூடியைத் திருகத் தெரியாமல் திணறினார். அக்கா பிளாஸ்க்கை வாங்கித் திறந்து, முதலில் அவருக்கு ஊற்றினாள்.